பருப்பு வேகிற தண்ணீர்

பட்டாணிப் பருப்பு முதல் கொதிக்கு வரும்போது பாத்திரத்தின் விளிம்போரம் வெள்ளையாக ஒரு நுரை கட்டும். அதை அகப்பையால் வழித்து வெளியே போடுகிற அந்த ஒரு நிமிடத்தில் மட்டும், பச்சைக் காயை விரலால் பிளந்தது போல ஒரு மணம் அடுப்படியில் எழுந்து அடங்கும். பூண்டும் சீரகமும் விழுந்ததும் அது போன இடம் தெரியாது. எனக்கு மட்டும் அந்த மணத்தோடு சேர்ந்து, தீப்புண்ணுக்குப் போடும் வெள்ளைக் களிம்பின் வாசனையும் வந்துவிடுகிறது. வீட்டில் அந்தக் களிம்பு கிடையாது. முப்பது வருஷமாக யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. ஆனாலும் வருகிறது. வந்தால் வரட்டும் என்றுதான் இருக்கிறேன், ஏனென்றால் அந்த இரண்டு வாசனைகளும் கலந்து கிடந்த இரண்டு மாதத்தில்தான் எங்கள் அப்பா எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார்.

சிவகாசியில் அப்போது "சூப்பு" என்றால் அது ஆட்டுக்கால் சூப்புதான். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் மிளகு வாசனையோடு கொதித்துக்கொண்டிருக்கும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களும் பிள்ளை பெற்ற வீட்டு ஆண்களும் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். எலும்பில்லாமல் சூப்பு என்று ஒன்று இருக்கலாம் என்பதே எங்கள் தெருவுக்குப் புதுச் செய்தி. அதிலும் பட்டாணிப் பருப்பில்! விருதுநகரிலிருந்து மூட்டை மூட்டையாகப் பருப்பு வந்து இறங்கும் வட்டாரம் எங்களுடையது. ஒரு பருப்பைப் பல்லில் கடித்தே அது புதுச் சரக்கா, போன வருஷத்துச் சரக்கா என்று சொல்லிவிடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்குத் துவரம்பருப்பு வீட்டுக்கு மூத்த பிள்ளை, உளுந்து செல்லப்பிள்ளை. பட்டாணிப் பருப்போ, கடலைப்பருப்பு கிராக்கியாக இருக்கும்போது வடைமாவுக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்துவிட்டுப் போகிற ஆள். அதை வாங்கி நோயாளிக்குக் காய்ச்சிக் கொடுக்கிறார் ஒரு நர்ஸம்மா என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அந்த நர்ஸம்மா என் அம்மா. நாகர்கோவில் பக்கம் பிறந்து, நர்ஸிங் படித்து, எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கு வந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். தெருவில் எல்லாருக்கும் அவர் "சிஸ்டர்". அப்பா நாரணாபுரத்துக்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வாய் கொஞ்சம் நீளம் என்று டீச்சர்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் வகை.

அந்த வருஷம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சீசன் சூடுபிடித்திருந்த நேரத்தில், அப்பாவின் கம்பெனியில் வெளியே காயப்போட்டிருந்த சரக்கு தீப்பிடித்துப் பக்கத்து அறைக்குத் தாவியது. அந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நாலு பெண்களில் மூன்று பேர் ஓடி வெளியே வந்துவிட்டார்கள். நாலாவது ஆளான பேச்சியக்காவின் சேலையில் தீ பற்றிக்கொண்டது. அப்பா உள்ளே ஓடி, வெறுங்கையால் அடித்து அணைத்து, அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேச்சியக்காவுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே புண். அப்பாவுக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. வாயிலும் தொண்டையிலும் அனலும் புகையும் பட்ட புண். உயிருக்கு ஒன்றுமில்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். ஊரே அப்பாவை மெச்சியது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவர் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டாசுக்குள் அடைக்கும் கலவையை எங்கள் ஊரில் "மருந்து" என்பார்கள். மருந்தில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள் புழுங்கித் தானாகச் சூடேறும். வெயிலில் காய்கிற சூடு வேறு, இந்தச் சூடு வேறு. அந்த வித்தியாசத்தைப் புறங்கையை வைத்துப் பார்த்தே போர்மேன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பா அதில் கெட்டிக்காரர். அன்று காலை, முந்தின நாள் தூறலில் நனைந்து வெளியே காய்ந்துகொண்டிருந்த ஒரு மருந்துத் தட்டின் மேல் அவர் புறங்கையை வைத்துப் பார்த்திருக்கிறார். சூடு இருந்தது. அந்த நிமிடமே பெண்களை எழுப்பி வெளியே அனுப்பியிருக்க வேண்டும். லோடு ஏற்ற லாரி வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. கையில் இருக்கிற பெட்டியை முடிக்கட்டும், பத்து நிமிஷம்தானே என்று விட்டுவிட்டார். இதை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மாவிடம் மட்டும் சொன்னார். வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு மாதம் கழித்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவர் பாதி ஆளாக இருந்தார். சட்டையைப் போட்டால் ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்துத் தைக்க வேண்டும், ஆனால் இந்த உடம்பு அதைத் தாங்காது, குறைந்தது ஏழு கிலோவாவது ஏறிவிட்டு வரட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ரொம்ப நாள் தள்ளிப்போனால் விரல்கள் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி அப்படியே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தக் கையால் ஒரு பேனாவைக்கூடப் பிடிக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார். ஆக, எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, அப்பா சாப்பிடுவாரா மாட்டாரா என்பது.

அப்பா சாப்பிடவில்லை. முட்டை, கறி என்றால் வாசனைக்கே குமட்டினார். காரம் வாய்ப்புண்ணில் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மா சோற்றைக் குழைய மசித்து, நெய் விட்டு, உருண்டை பிடித்து ஊட்டப் போனால் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கைப்பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி எதுக்கு ஊட்டுற" என்பார். பார்க்க வருகிறவர்கள் வேறு, சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்து உட்கார்ந்து, "பெத்த தாய்கூட அப்படி நெருப்புக்குள்ள போகமாட்டா அண்ணே, நீங்க போனீக" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு அந்த இரண்டு வாயும் இறங்காது. சாப்பிடும் முன்னால் ஜெபம் பண்ணுவது எங்கள் வீட்டில் அப்பாவின் வேலை. சோறு ஆறிப்போகிற அளவுக்கு நீட்டி ஜெபம் பண்ணுகிற மனிதர் அவர். வீட்டுக்கு வந்ததிலிருந்து, "நீயே பண்ணு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். ஒரு நாள் நான் கதவுக்கு வெளியே நிற்கும்போது, "இந்தக் கை சரியாகி என்ன பண்ணப்போகுது கிரேஸு" என்று அவர் அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

மறுநாள் டூட்டி முடிந்து வரும்போது அம்மாவின் பையில் ஒரு பொட்டலம் பட்டாணிப் பருப்பு இருந்தது. நர்ஸிங் படிக்கும்போது நோயாளிகளுக்குச் சமைக்கிற வகுப்பு ஒன்று அவர்களுக்கு உண்டாம். அதில் சொல்லிக்கொடுத்ததை அம்மா ஒரு தடவைகூட வீட்டில் செய்தவரில்லை. மெல்ல வேண்டாம், காரம் வேண்டாம், கவிச்சி கிடையாது, புண் ஆறுவதற்கான சத்து இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, குடிக்கிற சாமான் என்பதால் யாரும் ஊட்ட வேண்டியதில்லை; ஒரு குழாய் இருந்தால் அப்பாவே குடித்துக்கொள்ளலாம். பெட்டிக்கடையில் கிடைத்த ஸ்ட்ராவில் ஒரு சொட்டும் ஏறாது என்று நான் சொன்னேன், ஏனென்றால் சூப்பு கெட்டியாக இருக்கும் என்று அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். பின்வீட்டுப் பப்பாளி மரத்தில் பழுத்த இலையாகப் பார்த்து ஒன்று பறித்து, காம்பை நறுக்கி, பால் போகக் கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்துக் கொடுத்தேன். சோப்பு நுரை ஊதி விளையாட நாங்கள் வைத்திருந்த அதே குழாய்தான். அம்மா அதற்குள் கண் வைத்துப் பார்த்துவிட்டு, "உனக்கும் மூளை இருக்கு" என்றார்.

ஆனால் பருப்பு வேகவில்லை. குக்கரில் எட்டு விசில் விட்டுத் திறந்து பார்த்தால் போட்டது போட்டபடி கிடந்தது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர், உப்பு. நகராட்சி நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு முறை வரும், அந்தத் தடவை பதினைந்து நாளாகியும் வரவில்லை. குடிப்பதற்கு வைத்திருந்த ஒரு குடத்தில் கை வைக்க அம்மாவுக்கு மனமில்லை. தண்ணீரில்தான் குற்றம் என்று தெரிந்தும், பருப்பு ஊரில் வாழ்கிறவர்களுக்குப் பருப்பைச் சந்தேகிப்பதுதான் முதலில் வரும். "பழைய சரக்கக் கட்டிட்டாரு, போய்க் கேளு" என்று ஒரு கிண்ணத்தில் வேகாத பருப்பைப் போட்டு என்னைக் கடைக்கு அனுப்பினார். கடை அண்ணாச்சி மூட்டையிலிருந்து ஒரு பருப்பை எடுத்துக் கடித்தார். கடையில் நின்ற இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக் கடித்தார்கள். "கல்கண்டு மாதிரி இருக்கு. இதுல என்ன குத்தத்தக் கண்டாக சிஸ்டர்?" என்று அண்ணாச்சி கேட்டார். "பட்டாணில சூப்பு வைக்கப் போறாகளாம்" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர்கள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் என் பின்னாலேயே வந்தது.

சோடா உப்புப் போட்டால் வெந்துவிடும், ஆனால் பருப்பிலுள்ள சத்தில் பாதி போய்விடும் என்று அம்மா அதைத் தொடவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இதே கதைதான். மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று மத்தியானம் பேச்சியக்கா காலை இழுத்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முப்பது வயது இருக்கும், கறுத்து மெலிந்து, பேசும்போது புருவம் தூக்கிப் பேசுகிறவர். அப்பாவின் அறை வாசலில் போய் நின்றதும், அதுவரைக்கும் என்னோடு பேசிக்கொண்டிருந்த அப்பா கண்ணை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் "அப்பா முழிச்சுத்தான்" என்று ஆரம்பித்ததும் அம்மா என் தோளில் கிள்ளினார். "தூங்கட்டும் சிஸ்டர், எழுப்பாதீக" என்று பேச்சியக்கா திரும்பி அடுப்படிக்கு வந்தார்.

அங்கே வடித்து வைத்திருந்த பருப்பைப் பார்த்ததும் இரண்டு எடுத்து நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. அந்தத் தண்ணீரை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "இந்தத் தண்ணில கல்லு வேணா வேகும், பருப்பு வேகாது. எங்கூரு கம்மாய்க்குள்ள ஒரு கெணறு இருக்கு சிஸ்டர், அந்தத் தண்ணில போட்டா ரெண்டு கொதில கரைஞ்சிரும். பொண்ணு கேட்டு வாறவுககூட எங்கூர்ல முதல்ல தண்ணியத்தான் குடிச்சுப் பாப்பாக" என்றார். அம்மா சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போகிற வேன் எங்கள் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்து நின்றது. பேச்சியக்கா அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். கால் ஆறும் வரை மருந்து வேலை வேண்டாம் என்று அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்தில் போட்டிருந்தார்கள். உட்காரவே இடமில்லாத அந்த வேனில், வாயில் துணி கட்டிய ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தை அவ்வளவு தூரமும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். "தண்ணி வாங்கிக்க பாப்பா" என்று ஜன்னல் வழியாக நீட்டினார். அடுத்த நாளிலிருந்து காலிக்குடத்தை நான் நீட்ட வேண்டும், நிறைகுடத்தை அவர் நீட்டுவார், வேன் போய்விடும். அரை நிமிட வேலை.

அந்தத் தண்ணீரில் பருப்பு உண்மையிலேயே கரைந்தது. முந்தின நாளே ஊறப்போட்ட பருப்பில் இரண்டு கேரட், நாலைந்து சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை எல்லாம் போட்டு, மூன்று விசில் விட்டு, மத்தால் கடைந்து, வடிகட்டியில் தேய்த்து இறக்கி, கொஞ்சம் பாலும் ஒரு கரண்டி வெண்ணெயும் சேர்த்து, உப்பு மட்டும் போட்டு, அம்மா ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுவார். டூட்டிக்குக் கிளம்பும் உடுப்பிலேயே, தொப்பி வரை மாட்டிக்கொண்டு, அதை அப்பாவின் முன்னால் வைப்பார். "இது சிஸ்டர் குடுக்கிற மருந்து. பெண்டாட்டி சமையல்னா வேண்டாம்னு சொல்லலாம், இதச் சொல்ல முடியாது" என்பார். கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அப்பா குனிந்து பப்பாளிக் காம்பில் வாயை வைத்தார். உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் அடுத்தவர் விரல் வாயில் படாமல் சாப்பிட்டார். டம்ளர் காலியானதும் அம்மா அடுப்படிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு டூட்டிக்குப் போனார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அப்பாவிடம் சொல்லக் கூடாது என்பது எனக்கு இட்ட உத்தரவு. காரணம் கேட்டதற்கு, "சொன்னா குடிக்கமாட்டாரு" என்று மட்டும் அம்மா சொன்னார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. நானும் அந்தப் பேச்சியக்காவை மன்னிக்கத் தயாராயில்லை. இவருக்காகப் போய்த்தானே அப்பாவின் கை இப்படி ஆனது, கொண்டு வரட்டும், ஒரு குடம் தண்ணீர் என்ன, ஒரு கம்மாய்த் தண்ணீர் கொண்டு வந்தாலும் ஈடாகுமா என்று பதினொரு வயசுப் புத்தியில் கணக்குப் போட்டு, குடத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே வருவேன். "சாப்டாரா பாப்பா?" என்று பின்னாலிருந்து கேட்பார். "ம்" என்பேன். இரண்டு மாதத்தில் நான் அவரிடம் பேசியது மொத்தம் அவ்வளவுதான் இருக்கும். இப்போது நினைத்தால் என் முதுகில் நானே இரண்டு வைக்கலாம் போலிருக்கிறது.

அப்பாவுக்கு எடை ஏறத் தொடங்கியது. முதல் வாரம் ஒரு கிலோ, அப்புறம் முக்கால், அப்புறம் ஒன்றரை. வாய்ப்புண் ஆறியதும் வடிகட்டுவதை நிறுத்தி, கேரட்டும் பீன்ஸும் கண்ணில் தட்டுப்படுகிற மாதிரி, மிளகு தட்டிப்போட்டு, கரண்டியால் எடுக்கிற பதத்துக்கு அம்மா வந்துவிட்டார். கூடவே இரண்டு இட்லியும் இறங்கின. மிச்ச சூப்பை நானும் குடிப்பேன். சோற்றில் விட்டுப் பிசைந்தால் பிரமாதமாக இருக்கும். சிரித்த கடை அண்ணாச்சியே, "எங்க வீட்டுல அவளுக்கு உடம்பு முடியல, அந்தப் பட்டாணிச் சமாச்சாரத்த எப்படி வைக்கணும்னு சிஸ்டர்ட்டக் கேட்டுச் சொல்லு பாப்பா" என்று என்னைக் கடைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். தண்ணீருக்கு என்ன பண்ணினார் என்று தெரியாது.

மறுநாள் ஆபரேஷனுக்குச் சேர வேண்டும் என்ற நிலையில், சாயங்காலம் அப்பா அம்மாவிடம் பேசியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டேன். "காலைல வேன் வரும்போது நான் வாசலுக்கு வாறேன்" என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். "புள்ள சொல்லல. பதினாலு வருசமா காலைல அந்த ஹாரனுக்குக் காத்து நின்னவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றார். முதல் நாளே தெரியுமாம். "தெனமும் வேண்டாம்னு சொல்லிரணும்னுதான் நெனப்பேன். நீ கொண்டாந்து வச்சதும் குடிச்சிருவேன். பசிச்சுது கிரேஸு. அந்தப் பேச்சி என்னமோ நான் காப்பாத்தினேன்னு கொண்டாருது. உள்ளத அவட்டச் சொல்லாம நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்." அம்மா "சொல்லுங்க" என்றார்.

காலையில் நான்தான் அப்பாவுக்கு வேட்டியைச் சுற்றி பெல்ட் மாட்டிவிட்டேன். வேன் நின்றதும் அவர் படியிறங்கி, கட்டுப்போட்ட கைகளை நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலருகே போய் நின்றார். உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில், "போர்மேன் அண்ணே, எப்படி இருக்கீக, சாப்டீகளா" என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

"பேச்சி, அன்னைக்கு அந்தத் தட்டுல கை வச்சுப் பாத்தேன். சூடு இருந்துச்சு. தெரிஞ்சேதான் உங்கள எழுப்பாம விட்டேன். பத்து நிமிசம்னு நெனச்சேன். நான் உன்னையக் காப்பாத்தல" என்றார் அப்பா.

நான் பேச்சியக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் மாறவில்லை. கோபமும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. மடியில் இருந்த குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவின் கட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிண்ணே. போயி கையச் சரி பண்ணிட்டு வாங்க. இனிமே சூடு இருந்தா எழுப்பி விட்டுருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "குடத்த வாங்கு பாப்பா, நேரமாச்சு" என்றார்.

அப்பா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து அழுதார். பெரியவர்கள் சத்தம் போட்டு அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயந்துபோய் அடுப்படியில் நின்றுகொண்டேன். அன்றைக்கு சூப்பு வந்தபோது அவரே ஜெபம் பண்ணினார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கடைசி வரைக்கும் முழுசாக நிமிரவில்லை, மற்றபடி எழுதினார், சைக்கிள் ஓட்டினார், என் கல்யாணத்தில் என் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப் போனார். திரும்பவும் போர்மேனாகவே இருபது வருஷம் வேலை பார்த்தார். கை வைத்துப் பார்த்துத் துளி சந்தேகம் வந்தாலும் ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார் என்றும், அதனால் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார் என்றும் அம்மா சொல்லியிருக்கிறார். அவர் இருந்த காலம் வரை அந்த அறைகளில் யாருக்கும் தீக்காயம் படவில்லை.

பேச்சியக்கா அன்று ஜன்னலில் உட்கார்ந்து சொன்ன பதிலை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நான் இப்போது மதுரையில் டீச்சர். பிள்ளைகளுக்கு மன்னிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் வேறு கதை தேட மாட்டேன். கேட்டதும் ஒரு நொடியில் மன்னித்துவிட்ட மனுஷி, அது அவருக்குப் பிறவியிலேயே வந்த குணம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அம்மாவுக்கு ஒரேயடியாக நாலு பல் எடுத்தோம். என்னோடுதான் இருக்கிறார், எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். மெல்ல முடியாதே என்று பட்டாணிப் பருப்பு சூப்பு வைத்தேன். வாசலில் வந்து இறங்கும் கேன் தண்ணீரில் மூன்று விசிலுக்கு வெந்துவிட்டது. இப்போதெல்லாம் எல்லாத் தண்ணீரிலும் எல்லாப் பருப்பும் வேகிறது, எந்த ஊர்த் தண்ணீர் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. சூப்பைக் குடித்துக்கொண்டே அம்மாவும் நானும், இப்போது இல்லாமல் போனவற்றை ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா போய் ஆறு வருஷம். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள், அறைகளைச் சுற்றி வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. சிவகாசி வீட்டை விற்றாயிற்று. பேச்சியக்கா மகனோடு திருப்பூருக்குப் போனவர் அங்கேயே இறந்துவிட்டார் என்ற செய்தி எங்களுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தது. அவருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அதை அம்மாவிடம் சொல்லி, "அன்னைக்கு அப்பா சொன்னதும் ஒரு வார்த்த கோவிக்கலையேம்மா அவங்க. எப்படி முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "அவளுக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

பேச்சியக்கா தண்ணீர் கொண்டு வந்த மூன்றாவது நாளே அம்மா சொல்லிவிட்டாராம். என்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரம் அனுப்பிவிட்டு, வேனிலிருந்து அவரை இறக்கித் தனியாகக் கூப்பிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். "காப்பாத்தினாருன்னு நெனச்சு அவ கொண்டு வாறத வாங்கி என் புருசனுக்கு வச்சுக் குடுக்க எனக்குக் கை வரல. அவ புண்ணக் கழுவிக் கட்டுப் போட்டவளும் நாந்தான்" என்றார். பேச்சியக்கா அப்படியே நின்று கேட்டிருக்கிறார். பிறகு, அம்மா அதுவரை காதில் கேட்டிராத வார்த்தையெல்லாம் உள்ளே கேட்காத அடிக்குரலில் சொல்லி அப்பாவைத் திட்டி, எங்கள் வாசல் படியிலேயே குடத்தைக் கவிழ்த்துவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாராம். மறுநாள் வேன் நிற்கவில்லை. அதற்கு மறுநாளும் நிற்கவில்லை. சூப்பு இல்லாத அந்த நாட்கள் எனக்கு எப்படி நினைவில்லாமல் போயின என்று தெரியவில்லை.

"அவங்களுக்குத் தெரியும்னு அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"அவரு வாயால அவரு சொல்லணும். நான் முந்திக்கிட்டது தெரிஞ்சிருந்தா அவரு கடைசி வரைக்கும் சுவரப் பாத்துத்தான் படுத்திருப்பாரு."

அப்புறம் பேச்சியக்கா ஏன் திரும்பி வந்தார் என்று கேட்டேன். தெரியாது என்றார் அம்மா. அம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஹாரன் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது, அழுது வீங்கின முகத்தோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்தாராம். நிறைகுடத்தை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"பருப்பு ஊறப்போட்டிருக்கீகளா சிஸ்டர்?"